ஒட்டுக்கல்

கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் மத்தியான வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த கல்லொன்று யாரும் தொடாமலே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி உருண்டு வந்து கண்ணாடியில் டக்கென்று மோதி நின்றது. சேக் தாவூது திரும்பிப் பார்த்தார்.

அவர் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கீழக்கரையில் தம்பி மௌத்தாகிவிட, சொத்து விவகாரங்களைத் தீர்த்து வைக்க ஏழெட்டு மாதம் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. அதுவரைக்கும் சிங்கப்பூர் டன்லப் தெருக் கடை மருமகன் நெய்னாவின் பொறுப்பில் இருந்தது. அது மோதிரக் கல் விற்கும் கடை இல்லை. பட்டை தீட்டாத, மண்ணிலிருந்து எடுத்த கோலத்திலேயே இருக்கும் படிகக் கற்களை விற்கிற கடை. ஈயச் சுரங்கத்துக் கறுப்புப் படிகம், மலையைக் குடைந்தபோது கிடைத்த பளிங்குக் கொத்து, புஷ்பராகம், செம்மணிக் கல் இப்படி. வாங்குகிறவர்கள் துரைமார், கப்பல் பயணிகள், படித்த உத்தியோகஸ்தர்கள். அவர்கள் கல்லை அணிந்துகொள்வதில்லை. அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல, எங்கே கிடைத்தது என்பதைத்தான். எந்தக் குன்று, எந்தச் சுரங்கம், எத்தனை ஆழம். ஊர் தெரியாத கல்லைச் சேக் தாவூது வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஒவ்வொரு கல்லோடும் ஊர் எழுதிய சீட்டு ஒன்று போகும். அந்தச் சீட்டை நம்பித்தான் சிங்கப்பூரில் அவருக்கு ஒரு பேர்.

பெட்டியைத் திறந்து இரண்டு பாதிகளையும் கையில் எடுத்தார். கறுத்து மின்னும் ஈயப் படிகக் கொத்து மலாயாவில் கம்பார் பக்கத்துச் சீனர் ஒருவரிடம் அவரே பேரம் பேசி வாங்கியது. அதிலிருந்து கழன்று விழுந்த வெள்ளைப் புஷ்பராகம், ரங்கூனில் ஒரு பர்மாக்காரரிடம் அவர் வாங்கி இடுப்பில் முடிந்து கொண்டுவந்த மொகோக் கல். நடுவில் ஒரு கடலே இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே கல்லாயின? பிரிந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனார். குங்கிலிய வாடை. மெழுகும் கலந்திருந்தது. ஒட்டு தெரியாமலிருக்க ஓரமெல்லாம் ஈய மணலைத் தூவி அப்பியிருந்தார்கள்.

அடியில் இருந்த சீட்டில் நெய்னாவின் கையெழுத்து. ‘புக்கிட் லாண்டாக், பகாங்கு.’

“நெய்னா!”

பின்கட்டிலிருந்து நெய்னா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். மாமனாரின் கையில் இருந்ததைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

“புக்கிட் லாண்டாக்குங்கறது எங்கடா இருக்கு?”

“பகாங்குல ஒரு மலை மாமா. ஒரு கங்காணி சொன்னாரு. பேரு நல்லா இருந்துச்சு.”

“பேரு நல்லா இருந்துச்சா!”

“ரெண்டும் நல்ல கல்லுதானே மாமா? கண்ணாடியைக் கொடுத்தா ஏமாத்தினேன்? தனித்தனியா இருந்தா எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான். சேத்து வச்சா வெள்ளைக்காரன் வாயைப் பொளந்து நிக்குறான். அவனுக்குச் சந்தோசம், நமக்கும் யாவாரம்.”

சேக் தாவூது கையை ஓங்கிவிட்டார். அந்த நேரத்தில் உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மகள் சம்சுன்னிசாவின் குரல் வந்தது.

“அவரை ஏன் அடிக்கிறீங்க வாப்பா? ஒட்டினது நான்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தக் கை வேலையை அவர் மனசுக்குள் வியந்திருந்தார். இவ்வளவு நுணுக்கமாக ஒட்டிய படுபாவி எவனென்று கேட்க நினைத்திருந்தார். இப்போது அந்த வியப்பே அவருடைய கோபத்தை இரண்டு மடங்காக்கியது.

“உனக்கு இது ஹராம்னு தெரியாதா?”

“யாராச்சும் கேட்டு நீங்க பட்டை தீட்டித் தங்கத்துல பதிச்சுக் கொடுத்ததே இல்லையா? அது மண்ணுல அப்படியேவா கெடந்துச்சு?”

“பதிச்ச கல்லைப் பதிச்சதுன்னு சொல்லித்தான்டி கொடுத்தேன்!”

“என்னை ஒரு நாளாச்சும் கடைப் பக்கம் வர விட்டிருக்கீங்களா? சின்ன வயசுலேருந்து இந்தக் கல்லுங்களைக் கழுவித் தொடச்சுப் பஞ்சுல பொதிஞ்சு வைக்கிறது யாரு? என் கைக்கு ஒரு வேலை கெடச்சுது, செஞ்சேன்.”

சேக் தாவூது அடுப்பங்கரைக்குப் போய்ப் பெரிய சட்டியில் வெந்நீர் வைத்தார். கடையிலிருந்த கற்களில் சந்தேகப்பட்டதை எல்லாம் கூடையில் அள்ளி வந்து கொதிக்கிற தண்ணீரில் கொட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றன. தண்ணீரின்மேல் மெழுகு மிதந்தது. புகை கண்ணில் ஏற, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

“எத்தனை வித்தீங்க? யாரு யாருக்கு?”

“கப்பல்காரங்க சில பேரு. அவங்க அப்பவே சீமைக்குப் போயிட்டாங்க,” என்றான் நெய்னா. தரையைப் பார்த்தபடி, “பெரிசு ஒண்ணு விஸ்வலிங்கம் ஐயாவுக்கு,” என்று சேர்த்தான்.

சேக் தாவூது தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு தெருவில் இறங்கினார். காத்தோங் போகிற வழியெல்லாம் ரிக்‌ஷாவில் தனக்குத் தானே திட்டிக்கொண்டே போனார். இழுக்கிற சீனர் தன்னைத்தான் திட்டுகிறாரோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவைக் கந்தோரில் உத்தியோகம், வரைபடம் வரைகிறவர். செண்பக விநாயகர் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. அவருக்கும் சேக் தாவூதுக்கும் கல்லினால் வந்த பழக்கம் பழைய பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் புக்கிட் தீமா கல்லுடைக்கும் இடங்களுக்குப் போய், வெடி வைத்துப் பிளந்த பாறைகளின் இடுக்கில் படிகம் தேடுவார்கள். ஒருவர் குனிந்தால் மற்றவர் குடை பிடிப்பார்.

“வாரும் சேக்கு, வாரும்! எப்ப வந்தனீர்?” விஸ்வலிங்கம் வாசலுக்கே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “உம்மட மருமகனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன். அந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதி, துரைமார் கூடுற சங்கத்தில வாசிச்சனான். அந்த மேடையில ஏறின முதல் தமிழன் நான்தான், தெரியுமோ? ஈயமும் புஷ்பராகமும் இப்படிச் சேர்ந்து வாறதெண்டால் அந்த மலைக்குள்ள பெரிய தாது இருக்கவேணும். பிரம்லி துரை சுரங்கம் தோண்டக் கம்பெனியே துவங்கிப்போட்டார். இடத்தைக் குறிச்சு வரைபடம் நான்தான் கீறிக் குடுக்கிறன்.”

சேக் தாவூது எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

“ஐயா, அது ஒட்டு.”

“என்ன?”

“ஒட்டுக்கல். புஷ்பராகம் பர்மாவுல நான் வாங்கினது. குங்கிலியம் வச்சு எங்க வீட்டுலதான் ஒட்டியிருக்காங்க. புக்கிட் லாண்டாக்குல ஒண்ணும் கெடையாது. வெந்நீர்ல போட்டா உங்க கண்ணு முன்னாலேயே கழண்டுரும். நீங்க கொடுத்ததை இப்பவே திருப்பித் தர்றேன்.”

விஸ்வலிங்கத்தின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார்.

“என்ர கல்லில நீர் கை வைக்கப்படாது.”

“ஐயா...”

“உமக்கும் மருமகனுக்கும் கடையில ஏதும் பிணக்கு எண்டால் அதை உங்கட வீட்டுக்குள்ள வைச்சுக்கொள்ளும். என்ர பேரை ஏன் இழுக்கிறீர்?”

“உங்க பூதக்கண்ணாடி எங்க போச்சு? நீங்க வச்சுப் பாக்கலையா?”

“பார்த்தனான்!” என்று விஸ்வலிங்கம் கத்தினார். குரல் நடுவில் உடைந்தது. பிறகு அலமாரிப் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: “சேக்கு, இருபத்தைஞ்சு வருசமா அவங்கள் கீறச் சொன்ன கோட்டைக் கீறினவன் நான். இப்பத்தான் கதிரை தந்து இருக்கச் சொல்லுறாங்கள். நீர் வாய் திறவாமல் இருந்தால் ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது.”

நெய்னாவை அடிக்க ஓங்கிய கை இங்கே யாரை அடிப்பது? சேக் தாவூது படியிறங்கினார். விஸ்வலிங்கத்தின் மனைவி கொண்டுவந்த காப்பி தொடாமல் ஆறியது.

அதன்பிறகு சேக் தாவூதின் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நெய்னா கடைக்கு வருவதை நிறுத்தினான். சம்சுன்னிசா சோற்றைத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போய்விடுவாள். அவர் தனியாகச் சாப்பிட்டார். வாயில் வைப்பதெல்லாம் குங்கிலியமாக நாறியது. வாய் திறவாமல் இருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதுதானா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். ஒரு நாள், ஆகாமலே போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டார்.

அப்படி நினைத்த நாளில்தான் சடையாண்டி கடை வாசலில் வந்து நின்றான். தெருவுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன். புது வேட்டி, தலையில் புதுத் துண்டு.

“போய்ட்டு வாரேன் பாய். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். பகாங்குல புதுசாச் சுரங்கம் தொறக்கிறாங்க. கங்காணி ஆளு சேக்குறாரு. வியாழக்கெழமை கப்பல்.”

“பகாங்குல எங்க?”

“என்னமோ முள்ளம்பன்னி மலையாம். புக்கிட் லாண்டாக்கு. பெரிய மழைக்காடு, காச்சல் இருக்கும்ங்குறாங்க. போனா என்ன பாய், வண்டி மாட்டுக்குப் பின்னாடியே நடந்து என்னத்தைக் கண்டேன்? மலை பூரா ஈயமாம். கல்லையே துரை கையில வச்சுக் காட்டினாராம்.”

காட்டுக் காய்ச்சலில் போனவர்கள் பலரைச் சேக் தாவூது அறிவார். புதுச் சுரங்கம் திறக்கப் போனவர்களில் திரும்பி வருகிறவன் எப்படி இருப்பானென்று சிராங்கூன் ரோட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் திரை விலகியது. சம்சுன்னிசா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைக்குள்ளேயே வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“மலைக்குப் பேரு வச்சா ஆளு அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியாது வாப்பா,” என்றாள். “நான் வாரேன். அந்தத் துரைகிட்டக் கூட்டிட்டுப் போங்க. ஒட்டினவளே சொன்னாத்தான் நம்புவான்.”

உள்ளேயிருந்து நெய்னா பாய்ந்து வந்தான். “பொம்பளை ஆபீசுக்குப் போவியா? படி தாண்டினா இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே!”

“வீடு என் வாப்பாவோடது,” என்றாள் அவள். “நீங்கதான் இங்க வந்து இருக்கீங்க.”

ராபிள்ஸ் பிளேசில் பிரம்லி துரையின் கம்பெனி மாடியில் இருந்தது. பியூன் தடுக்கப் பார்த்தான். சேக் தாவூது அவனைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனார். பெரிய மேசைக்குப் பின்னால் துரை. பக்கத்தில், ‘கதிரை தந்து இருக்கச் சொல்லுறாங்கள்’ என்றாரே, அந்த நாற்காலியில், விஸ்வலிங்கம். மேசைமேல் விரித்த வரைபடம். அது பறக்காமலிருக்க அந்தக் கல்லைத்தான் மேலே வைத்திருந்தார்கள்.

சேக் தாவூது மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். துரை சிரித்தார். யார் அனுப்பி வந்தாய், எந்தக் கம்பெனிக்கு அந்த மலை வேண்டும் என்று கேட்டார். விஸ்வலிங்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். விஸ்வலிங்கம் நிமிராமலே, கல் சரியான கல் என்று பதில் சொன்னார்.

அறை மூலையில் துரைக்குத் தேநீர் போடும் பியூனின் அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. சம்சுன்னிசா போய் அதை எடுத்தாள். மேசையிலிருந்த பீங்கான் கிண்ணத்தை இழுத்துக் கல்லை அதற்குள் வைத்தாள். துரை எழுந்திருப்பதற்குள் வெந்நீரை ஊற்றிவிட்டாள். வரைபடத்தின்மேல் நீர் தெறித்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு வெள்ளைப் புஷ்பராகம் மெதுவாகச் சாய்ந்து, கழன்று, கிண்ணத்தின் அடியில் படுத்துக்கொண்டது.

விஸ்வலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

துரை கரண்டியால் புஷ்பராகத்தைக் கிளறிப் பார்த்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இனி இந்தக் கல்லைப் பற்றிக் கவலையில்லை என்றார். கம்பெனிப் பங்குகள் லண்டனில் விற்றுப் போய்விட்டன. மலையைத் தோண்டினோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று காட்ட ஓர் ஆறு மாதமாவது தோண்டித்தான் ஆக வேண்டும். கூலிகள் வியாழக்கிழமை போவார்கள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

இவ்வளவுதானா? ஒன்றுமில்லை என்று தெரிந்தும் தோண்டுவானா? சேக் தாவூது மேசையை இரண்டு கையாலும் அடித்தார். மலாய் போய்த் தமிழ் வந்தது. “மனுசனாடா நீ? எத்தனை உசிரு போகும்னு தெரியுமாடா உனக்கு?” துரைக்குப் புரியவில்லை. பியூனைக் கூப்பிட்டார்.

அப்போது விஸ்வலிங்கம் எழுந்தார். ஈர வரைபடத்தைச் சுருட்டினார். துரை கையை நீட்டினார். கொடுக்கவில்லை. குறுக்கே மடித்து நாலாகக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். சேக் தாவூதையும் அவர் மகளையும் பார்க்காமலே, இருவருக்கும் நடுவில் நடந்து வெளியே போனார்.

படம் போனால் வேறு படம் வரும் என்று சேக் தாவூதுக்குத் தெரியும். அங்கிருந்து நேராக, கூலிக்கு ஆள் சேர்க்கும் சுண்ணாம்புக் கம்பத்துத் திடலுக்குப் போனார். கங்காணி ஆட்களை வரிசையில் உட்கார வைத்திருந்தான். சேக் தாவூது வரிசைக்கு முன்னால் போய் நின்றார். டன்லப் தெருவில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர் நரம்பு புடைக்கக் கத்தினார்.

“புக்கிட் லாண்டாக்குல ஈயமும் இல்லை, மயிரும் இல்லை! அந்தக் கல்லு என் கடையில ஒட்டினது. என் மவ ஒட்டினா. என் மருமவன் பேரு வச்சான். நான் சேக் தாவூது சொல்றேன், போகாதீங்க! போனா காச்சல்ல சாவீங்க!”

கங்காணி அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். சேக் தாவூது மண்ணில் விழுந்தார். தொப்பி எங்கோ போனது. எழுந்து மறுபடி கத்தினார். சடையாண்டி வரிசையிலிருந்து எழுந்து வந்து கங்காணியின் சட்டையைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். எல்லோரும் எழவில்லை. முன்பணம் வாங்கிவிட்டோமே, என்ன செய்வது என்று தலையைக் குனிந்துகொண்டவர்கள் பாதிக்கு மேல். வியாழக்கிழமை அவர்கள் கப்பலேறிப் போனார்கள். அவர் கப்பல்துறைக்கும் போய்க் கத்தினார். போலீஸ்காரர் ஒருவர் அவரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

நெய்னா பினாங்குக்குப் போய்விட்டான். அவன் கூப்பிட்டபோது சம்சுன்னிசா வரமாட்டேன் என்றாள். அவள் இப்போது கடைக்குள் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறாள். கடைக்கு வருகிறவர்கள் கல்லைக் கையில் எடுத்ததும் வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவனுக்குக் கல் இல்லை. சேக் தாவூது எழுந்து வாசலைக் காட்டுவார். வியாபாரம் படுத்தது. மழைக்காலம் முடிந்தபோது புக்கிட் லாண்டாக்கிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்தார். போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. அன்று அவர் கடையைத் திறக்கவில்லை.

விஸ்வலிங்கத்தை அதன்பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். கேலாங் போகும் டிராமில். விஸ்வலிங்கம் இளைத்திருந்தார். சங்கத்திலிருந்து அவரை நீக்கிவிட்டதாகவும், கந்தோரில் கீழ் மேசைக்கு மாற்றிவிட்டதாகவும் பேச்சு. அவர் சேக் தாவூதைக் கண்டதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேக் தாவூது நெடுநேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. “ஐயா!” என்று டிராம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். “மொதல்ல உங்க வீட்டுக்குத்தானே வந்தேன்? உங்ககிட்டத்தானே மொதல்ல சொன்னேன்? நான் செஞ்சது தப்பா? சொல்லுங்க!”

டிராமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஸ்வலிங்கமும் திரும்பினார்.

“நீர் செய்தது சரிதான்,” என்றார். “அதுக்காக நான் உம்மோட கதைக்கவேணும் எண்டு இல்லை.”

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப் போனார். சேக் தாவூது இறங்க வேண்டிய இடமும் அதுதான். அவர் இறங்கவில்லை. முஷ்டியைத் தொடைமேல் வைத்து அழுத்தியபடி, டிராம் போகிற வரைக்கும் போனார்.